ஒல்லியான பெண்ணுக்கு எதற்கு நீர்க்கட்டி வைத்தியம்?

ஃபைலைத் திறந்தால் முதல் தாளே ஸ்கேன் ரிப்போர்ட். ‘இரண்டு சினைப்பையிலும் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள்’ என்று ஒரு வரி. அடுத்த தாளில் சர்க்கரை நோய்க்கும் கொடுக்கும் மெட்ஃபார்மின் 500, பீரியட்ஸ் வரவழைக்க ஐந்து நாள் மாத்திரை, கடைசியில் அடிக்கோடு போட்டு ‘எடையைக் குறைக்கவும்’. ஃபைலுக்கு உரியவள் 162 செ.மீ. உயரம், 50 கிலோ எடை. ஐந்து மாதத்துக்கு முன்பு 61 கிலோ. நான்கு மாதமாகத் தலைக்குக் குளிக்கவில்லை. இந்த ஐந்து மாதமும் அவள் என்ன சாப்பிட்டாள் என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. யாரும் கேட்கவே இல்லை.

ஆடிஷனுக்கு அலையும் பெண், குறும்படத்தில் நடிக்கும் பெண், ரீல்ஸ் போடும் பெண், தை மாதம் கல்யாணம் வைத்திருக்கும் பெண் என்று ஆள்தான் மாறுகிறாள். ஃபைல் அச்சு அசலாக அதேதான். இன்னொரு முறை அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அவள் சாப்பாட்டுக் கணக்கு. காலையில் அரை கப் ஓட்ஸ், இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, மதியம் ஒரு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் சாலடும், மாலையில் ஒரு கைப்பிடி சுண்டல், சர்க்கரை போடாத காபி, ஆறு மணிக்குச் சூப், அதோடு சரி. கூட்டினால் 700 கலோரியைத் தாண்டாது. ஜிம்மில் 300 போய்விடும். மிச்சம் 400. கொழுப்பைக் கழித்துவிட்டால் அவள் உடம்பில் தசை, எலும்பு, உறுப்பு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 39 கிலோ. அதில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 45 கலோரி கிடைத்தால் உடம்பு நிம்மதியாக ஓடும். 30-க்குக் கீழே இறங்கினால் மூளையிலிருந்து சினைப்பைக்கு வேலை சொல்லும் எல்எச் ஹார்மோனின் துடிப்பு தடுமாற ஆரம்பிக்கும். மாதவிடாய் ஒழுங்காக இருந்த இளம்பெண்களிடம் ஐந்தே நாளில் இந்தத் தடுமாற்றத்தைக் காட்டிய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. நம் பெண்ணுக்குக் கிடைப்பது கிலோவுக்குப் பத்து. 55 கிலோ எடையுள்ள, உட்கார்ந்தே வேலை பார்க்கும் பெண்ணுக்கு நாளுக்கு 1660 கலோரி என்கிறது மத்திய அரசின் ஊட்டச்சத்து நிறுவனமான ஐசிஎம்ஆர்-என்ஐஎன்-இன் 2020 கணக்கு.

அவளுடைய பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 19. எல்லா அட்டவணையிலும் ‘நார்மல்’. ஏமாறுவது இங்கேதான். எடை எங்கே நிற்கிறது என்பதோடு, எவ்வளவு வேகத்தில் அங்கே வந்தது என்றும் பார்க்க வேண்டும். ஐந்து மாதத்தில் உடம்பின் 18 சதவீதம் போயிருக்கிறது. இதே 18 சதவீதம் ஐம்பது வயது ஆணுக்குக் குறைந்திருந்தால் டிபியா, சர்க்கரையா, புற்றுநோயா என்று அன்றைக்கே தேடத் தொடங்கியிருப்போம். பெண் என்பதால் ‘சூப்பர்மா, எப்படிக் குறைச்சீங்க?’ என்று கேட்கிறோம்.

இனி அந்த ‘நீர்க்கட்டி’. இந்தச் சொல் நம் ஊரில் செய்திருக்கும் கெடுதலுக்கு அளவில்லை. அது கட்டியே இல்லை. ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவுள்ள பை, உள்ளே ஒரு முட்டை. இளம்பெண்ணின் சினைப்பையில் இவை நிறைய இருக்கத்தான் செய்யும். வயதுக்கு வந்து எட்டு ஆண்டு ஆகும்வரை பிசிஓஎஸ் (‘பிசிஓடி’ என்றும் சொல்லும் ஹார்மோன் கோளாறு) கண்டுபிடிக்க ஸ்கேனை நம்ப வேண்டாம் என்று 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்து, பையை எண்ணி, ‘பிசிஓடி’ என்று அச்சடித்துக் கொடுக்கும் சென்டர்காரர்கள் இதைக் கொஞ்சம் படித்தால் புண்ணியமாகப் போகும். பட்டினி கிடக்கும் பெண்ணின் சினைப்பையிலும் இதே பைகள் தெரியும். வளரச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வராததால் பாதியில் நின்றுபோன பைகள் அவை. படத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வைத்தியமோ நேர் எதிர்.

பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. முகத்தில் முடி, விடாத பரு, கழுத்துக் கருமை, டெஸ்டோஸ்டிரோன் கூடுதல், எல்எச் சராசரி அல்லது கூடுதல் என்றிருந்தால் பிசிஓஎஸ் பக்கம் யோசிக்கலாம். கை கால் சில்லிட்டுப் போவது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது, எல்எச் அடிமட்டம், பெண் ஹார்மோனான எஸ்ட்ராடையால் மில்லிக்கு 50 பிகோகிராமுக்குக் கீழே, ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்படலம் காகிதம்போல மெலிந்திருப்பது என்றால் அது பட்டினி. அந்த உள்படலத்தின் தடிமன் ரிப்போர்ட்டின் மூன்றாவது வரியில் அதுபாட்டுக்கு எழுதியிருக்கும், ஒருவர் கண்ணும் அங்கே போகாது. கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கும் ஹார்மோன்) மூன்றையும் முதலில் ஒதுக்கிவிட வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஹார்மோன் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஹார்மோன் டெஸ்ட்டை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள்.

‘மாத்திரை போட்டா வருதே டாக்டர், அப்புறம் என்ன?’ என்று அம்மாக்கள் கேட்பார்கள். மாத்திரையால் வருவது மாத்திரையின் ரத்தப்போக்கு. முட்டை வளர்ந்து, வெளிவந்து, அதற்குப் பிறகு வருவதுதான் மாதவிடாய். கருத்தடை மாத்திரையை மாதாமாதம் கொடுத்தால் காலண்டரில் தேதி தவறாமல் வரும். வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. உள்ளே எலும்பு தேய்ந்துகொண்டே போகும், அந்த மாத்திரை அதைக் காப்பாற்றாது. பீரியட்ஸ் திரும்பவோ எலும்பைக் காக்கவோ மட்டும் என்று கருத்தடை மாத்திரை கொடுக்காதீர்கள் என்று 2017-ஆம் ஆண்டின் நாளமில்லாச் சுரப்பி வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்லிவிட்டது. எலும்பு சேர்க்கிற வயது இருபதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பதினெட்டில் விட்டதை முப்பதில் கால்சியம் மாத்திரை போட்டு ஈடுகட்ட முடியாது.

இந்தப் பட்டினி எங்கேயிருந்து வருகிறது என்று புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இட்லி பூப்போல வந்தால் ‘குஷ்பு இட்லி’ என்று பெயர் வைத்த ஊர் இது. 2008-இல் கரீனா கபூர் ஒரு இந்திப் படத்துக்காக மெலிந்த பிறகு ‘சைஸ் ஜீரோ’ என்ற சொல் தெருவுக்குத் தெரு புழங்கியது. அது அமெரிக்கத் துணிக்கடையின் அளவு, வேறொன்றும் இல்லை. நடிகையின் போஸ்டர் இடுப்பில் லைட் இருக்கிறது, லென்ஸ் இருக்கிறது, இறுக்கித் தைத்த ரவிக்கை இருக்கிறது, ஷூட்டுக்கு முன்னால் இரண்டு நாள் உப்பையும் தண்ணீரையும் குறைத்தது இருக்கிறது, கடைசியாகக் கம்ப்யூட்டரில் சுருக்கியதும் இருக்கிறது. ஒரு நாளைக்காகச் செய்த அந்தக் கோலத்தை இந்தப் பெண்கள் வருடம் முழுக்க உடம்பில் கொண்டுவரப் பார்க்கிறார்கள். நடிகைகளாலும் அது முடியாது. தெலுங்கில் நடித்த ஆர்த்தி அகர்வால் 2015-இல் கொழுப்பு உறிஞ்சும் அறுவை செய்துகொண்டு சில வாரங்களில் இறந்தார், வயது 31. கன்னட நடிகை சேத்தனா ராஜ் 2022-இல் பெங்களூருவில் கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் போனவர் திரும்பவில்லை, வயது 21. அந்த அறுவை உடம்பின் வடிவத்தைத் திருத்துவதற்கானது. எடைக் குறைப்புச் சிகிச்சையாக அதை யாராவது விற்றால் அங்கேயிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மாடல்கள் விஷயத்தில் இஸ்ரேல் 2012-இல் சட்டம் போட்டது, பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருந்தால் வேலை கொடுக்கக் கூடாது என்று. பிரான்சில் 2017 முதல் டாக்டர் சான்றிதழ் வேண்டும், உடம்பைத் திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிடவும் வேண்டும். இங்கே ‘இன்னும் அஞ்சு கிலோ குறைச்சிட்டு வாம்மா, பாக்கலாம்’ என்று கேஸ்டிங் ஆள் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறார். அவருக்கு அது வெறும் பேச்சு, கேட்கிற பெண்ணுக்கு ஐந்து மாதம்.

கடைச்சரக்கு பற்றிச் சுருக்கமாக. ‘ஸ்லிம் டீ’யில் இருப்பது பெரும்பாலும் நிலாவரை. பேதிதான் ஆகும். சாப்பாட்டின் சத்து சிறுகுடலிலேயே ஏறிவிடுகிறது, பேதி மருந்து வேலை செய்வது பெருங்குடலில். போவது தண்ணீரும் பொட்டாசியமும். பொட்டாசியம் இறங்கினால் இதயம் தாளம் தப்பும். பேதியும் வாந்தியும் மாறி மாறிச் செய்யும் பெண் திடீரென்று சரிவது இதனால்தான். வெங்காரம் கொழுப்பைக் கரைக்கும் என்று வீடியோ சுற்றுகிறது. வெங்காரம் விஷம், தொடவே தொடாதீர்கள். அக்காவின் தைராய்டு மாத்திரை, தாத்தாவின் நீர் பிரியும் மாத்திரை இரண்டுமே திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்பதால் வீட்டு மருந்துப் பெட்டியை எண்ணி வையுங்கள். சிபுட்ரமின் என்ற எடைக் குறைப்பு மாத்திரை இதயத்தைப் பாதிப்பதால் 2011-இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. ‘மூலிகை’ என்று விற்ற பவுடர்களில் அதே சரக்கு பல நாடுகளில் சிக்கியிருக்கிறது. இப்போது வந்திருக்கும், வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசிகள் பருமனுக்கான மருந்து, பி.எம்.ஐ. 19-க்கு அங்கே வேலையே இல்லை.

எப்போது வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஓட வேண்டும்? பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு 50-க்குக் கீழே. படுத்திருந்தவள் எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவது. குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லுங்கள், கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் தசை போய்விட்டது என்று பொருள். முதுகிலும் கையிலும் பூனைமுடிபோல மெல்லிய ரோமம். பத்து நாளுக்கு மேல் தண்ணீரும் ஜூஸும் மட்டும். இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, இசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை. ‘பிளட் டெஸ்ட் எல்லாம் நார்மல்’ என்று யாராவது சொன்னால் நம்பி வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம். சாகும் நிலையில் இருக்கும் பெண்ணுக்கும் ரத்தம் நார்மல் காட்டலாம். உடம்பு கடைசிவரை தன்னையே தின்று ரத்தத்தின் அளவுகளைச் சரிக்கட்டிக்கொண்டிருக்கும்.

அங்கே போனதும் ‘தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டாலும் டியூட்டி டாக்டர் வெறும் தெம்புக்காக ஏற்ற வேண்டாம். பல நாள் பட்டினிக்குப் பிறகு மாவுச்சத்து மொத்தமாக உள்ளே போனால் இன்சுலின் ஏறும், ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட் செல்லுக்குள் போய்விடும், மூச்சுத் தசையும் இதயமும் அதோடு நின்றுபோகலாம். முதலில் தயமின் (வைட்டமின் பி1), பிறகுதான் மாவுச்சத்து. முதல் நாள் உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 கலோரி, பாஸ்பேட்டைப் பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். பாசத்தோடு பாட்டி கொண்டுவரும் பிரியாணி இரண்டு வாரம் காத்திருக்கட்டும்.

அந்த அளவுக்குப் போகாத பெண்ணுக்கு, நம் 50 கிலோக்காரிக்கு, வைத்தியம் அடுப்படியில் இருக்கிறது. ஒரேயடியாக வேண்டாம், இப்போது சாப்பிடுவதோடு நாளுக்கு 300 கலோரி கூட்டுங்கள். ஒரு வாழைப்பழம் 100, முப்பது கிராம் வேர்க்கடலை 170, சாதத்தில் ஒரு டீஸ்பூன் நெய் 40, கணக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு 300: ஒரு கப் கெட்டித் தயிர் 120, கூட இரண்டு இட்லியும் அதற்கு நல்லெண்ணெய் குழைத்த பொடியும். முட்டையில் மஞ்சளைத் தூக்கிப் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று வேளை, நடுவில் இரண்டு முறை, 2000-ஐத் தாண்டும்வரை. ஜிம் தற்காலிகமாகக் கிடையாது, நடக்கலாம். மாதவிடாய் நின்ற நாளில் இருந்த எடையைவிடச் சுமார் 2 கிலோ மேலே போன பிறகுதான் பெரும்பாலும் திரும்புகிறது. ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். முதல் பீரியட்ஸுக்கு முன்பே முட்டை வெளிவந்துவிடும் என்பதால் கல்யாணமான பெண்ணுக்குக் கருத்தடை பற்றி இப்போதே சொல்லிவையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வராதிருந்தால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்க வேண்டும். இந்த வயதில் பார்க்க வேண்டியது அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடும் இசட் ஸ்கோர், டி ஸ்கோர் அல்ல. ரிப்போர்ட்டில் இரண்டும் இருக்கும்.

சாப்பிடப் பயப்படும் பெண்ணை ‘அடம்’ என்று திட்டும் வீட்டாருக்கு ஒரு பழைய சேதி. 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். எடையில் கால் பங்கு போனது. அதோடு சமையல் குறிப்பு சேகரிக்க ஆரம்பித்தார்கள், தட்டில் இருப்பதைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள், எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கிப் போனார்கள். யூடியூபில் கேக் செய்முறை பார்த்துக்கொண்டே வெள்ளரிக்காய் கடிக்கும் உங்கள் மகளுக்கும் அதே பசிதான். பசி தீரும்போது இதில் பாதி தானாகவே அடங்கும். மீதிக்கு மனநல மருத்துவர் வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

உறவுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அவள் 50-லிருந்து 54-க்கு வரும்போது முதலில் தெரிவது முகம். ‘என்னடி, பூசினாப்பல ஆயிட்டே?’ என்று பாராட்டாகத்தான் கேட்பீர்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு அன்றைக்கு இரவே சாப்பாட்டை நிறுத்திய பெண்கள் இருக்கிறார்கள். எதையாவது சொல்லியே தீர வேண்டுமென்றால் முடி நன்றாக வளர்ந்திருக்கிறது என்று சொல்லுங்கள். ஆறாம் மாதத்தில் அது உண்மையாகவும் இருக்கும்.