லே போய் இறங்கியதும்: முதல் மூன்று நாள் எங்கே சாப்பிடுவது, எதைக் குடிப்பது

லடாக் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, லேயில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பது. மருத்துவரிடம் கேட்டால் அவர் திருப்பிக் கேட்பார்: போய் இறங்கி எத்தனையாவது நாள்? முதல் நாள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத அதே கடை, நான்காம் நாள் ஊரிலேயே நல்ல கடையாகத் தெரியும்.

சிந்து நதிப் பள்ளத்தாக்கில் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது லே. கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. டெல்லியிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். சென்னையிலிருந்து முந்தைய இரவு கிளம்பியவர் மறுநாள் காலை அந்த உயரத்தில் நிற்கிறார். அழுத்தம் குறைந்தால் சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு மாற்றம் வரும். ஆக்சிஜன் போதாமல் பசி போய், குமட்டல் வரும், செரிமானம் மந்தமாகும். இது உடம்பில். அடுப்பிலோ, தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். எந்தக் கடை, எந்தப் பண்டம் என்ற முடிவெல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

முதல் நாள், தங்கும் இடத்துச் சமையலறையைத் தாண்டிப் போகாதீர்கள். லேயில் குடும்பத்தார் நடத்தும் விடுதிகள் நிறைய உண்டு. சொன்னால் தனியாகச் சமைத்துத் தருவார்கள். துக்பா கேளுங்கள். நூடுல்ஸும் காய்கறியும் போட்ட தெளிவான சூப் அது. நூடுல்ஸுக்குப் பதில் மாவைக் கையால் பிய்த்துப் போட்டால் தெந்துக். கோதுமை மாவைக் கட்டைவிரலால் அமுக்கித் துண்டாக்கி, உருளைக்கிழங்கு, டர்னிப், கேரட்டோடு வேகவைத்தால் ஸ்க்யூ. மூன்றிலும் மாவுச்சத்து, உப்பு, வெந்நீர் இருக்கின்றன. அன்றைக்கு உடம்பு கேட்பது இவற்றைத்தான். மாவுச்சத்தை எரிக்கக் கொழுப்பைவிடக் குறைந்த ஆக்சிஜன் போதும். பொரித்த கோழியும் பூரியும் இரைப்பையிலேயே நெடுநேரம் கிடக்கும். வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதியளவு, ஆனால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. பசிக்கவில்லை என்று இரவு வெறும் வயிற்றோடு படுக்க வேண்டாம்.

மெயின் பஜாரில் மொட்டைமாடி உணவகங்கள் பிரபலம். அரண்மனை நேராகத் தெரியும், படம் நன்றாக வரும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று மாடி ஏற வேண்டும். பழைய நகரத்துக் கடைகளுக்குப் போவதென்றால் ஏற்றத்தில் நடக்க வேண்டும். இரண்டாம் நாள் வெளியே கிளம்பினால் தரைத்தளக் கடையாகப் பாருங்கள். பஜார் வாகனம் நுழையாத தெரு, பெரிய ஏற்றமும் இல்லை, நடுவில் உட்கார இடமும் உண்டு. சாங்ஸ்பா பக்கத்துத் தோட்ட உணவகங்களை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அவற்றில் பல அக்டோபர் வாக்கில் மூடி வசந்தத்தில்தான் திறக்கும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்குப் பஜாரும் விடுதியும்தான் கதி.

இரண்டாம் நாள் காலைக்கு ஓர் இடம் சொல்லலாம் என்றால், ஜாமா மசூதிக்குப் பின்னால் உள்ள சூட்டே ரன்டாக் சந்து. தலைமுறைகளாக ரொட்டி சுடும் தந்தூர்க் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. உயரம் கொதிநீரின் வெப்பத்தைத்தான் குறைக்கும். உலர்ந்த நெருப்பை ஒன்றும் செய்யாது. தந்தூரின் சுவர் 200 டிகிரிக்கு மேல் காய்ந்திருக்கும். அதில் ஒட்டி எடுத்த ரொட்டி சென்னையில் எப்படி வேகுமோ அப்படியே லேயிலும் வேகும். காலை ஆறரை, ஏழு மணிக்குப் போனால் சுடச்சுடக் கிடைக்கும். துணிப்பை கொண்டுபோங்கள். செய்தித்தாளில் சுற்றித் தந்தால் அச்சு மை ரொட்டியில் ஒட்டும். அப்படிச் சுற்ற வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமும் சொல்லியிருக்கிறது. வீடுகளில் செய்யும் கம்பீர் என்ற தடித்த புளிப்பு ரொட்டி கிடைத்தால் விடாதீர்கள். பாதாமி (ஆப்ரிகாட்) ஜாமோடு அதுவே ஒரு வேளைச் சாப்பாடு.

மோமோவும் ராஜ்மாவும்

மோமோ சாப்பிடாமல் யாரும் திரும்புவதில்லை, திரும்பவும் வேண்டாம். ஆனால் லேயில் நீராவியும் சுமார் 88 டிகிரிதான் என்பதால் உள்ளே வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். அவசரத்தில் இறக்கினால் மேல்மாவு வெந்திருக்கும், நடுவில் கறி வெளிர்சிவப்பாக நிற்கும். முதல் மோமோவை நடுவில் பிட்டுப் பாருங்கள். உள்ளிருந்து ஆவி வர வேண்டும், கறி முழுக்கச் சாம்பல் நிறமாகியிருக்க வேண்டும், சாறு தெளிவாக வழிய வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் காலையில் அவித்து வைத்ததைச் சூடு காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். திருப்பிக் கொடுங்கள், சண்டை வேண்டாம். பலரும் கவனிக்காதது பக்கத்தில் இருக்கும் சிவப்புச் சட்னி. மிளகாயையும் தக்காளியையும் பச்சையாக அரைத்து, குழாய்த் தண்ணீர் விட்டு, மூடியில்லாத கிண்ணத்தில் நாள் முழுக்க மேசையில் வைத்திருப்பார்கள். ஒரே கரண்டி பத்துத் தட்டுக்குப் போய் வரும். பல சமயம் வயிற்றைக் கெடுப்பது இதுதான். பழி மோமோவுக்குப் போகும்.

வட இந்தியத் தாபாக்களில் மலிவாகக் கிடைப்பது ராஜ்மா சாதம். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற இயற்கை நச்சு இருக்கிறது. ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, 100 டிகிரியில் குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவிட்டால் அது அழியும். லேயில் திறந்த பாத்திரம் 100 டிகிரியை எட்டவே எட்டாது. அரைவேக்காட்டு ராஜ்மா சாப்பிட்டால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தி வரும். பிரஷர் குக்கரில் வெந்தால் பயமில்லை. அங்கேயும் குக்கருக்குள் வெப்பம் 110 டிகிரியைத் தாண்டிவிடும். ஒரு பருப்பை விரலால் நசுக்கினால் வெண்ணெய் மாதிரி மசிய வேண்டும், நடுவில் கடுக்கென்றால் தட்டை நகர்த்திவிடுங்கள். நன்றாக வெந்திருந்தாலும் முதல் இரண்டு நாள் ராஜ்மா வேண்டாம் என்பேன். அழுத்தம் குறைந்தால் குடலில் உள்ள வாயு விரியும். விமானத்தில் கொண்டுபோன சிப்ஸ் பொட்டலம் லேயில் பந்தாக உப்பி நிற்பதைப் பார்த்தாலே புரியும். அறையில் உடன் தங்குகிறவரையும் நினைத்துப் பாருங்கள்.

சாங்ஸ்பாவில் ஒரே கடையில் பீட்சா, ஹம்முஸ், சுஷி, சைனீஸ், தந்தூரி எல்லாம் இருக்கும். பட்டியல் நீள நீள, குளிர்பெட்டியில் கிடக்கும் பொருளும் அதிகம். மின்சாரம் போய் வந்தால் பெட்டிக்குள் இருப்பது உருகி மறுபடி உறையும், வெளியே தெரியாது. கடல்மீன் எத்தனை நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தது என்று யோசித்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். ஐந்தாறு வகை மட்டும் செய்து, மதியம் கூட்டத்தோடு அதை விற்றுத் தீர்க்கும் சின்னக் கடை எப்போதும் மேல். உள்ளூர்ச் சமையலை முழுமையாகச் சாப்பிட ஆசையிருந்தால் அல்ச்சி மடாலத்துக்குப் பக்கத்தில் நில்சா வாங்மோ நடத்தும் அல்ச்சி கிச்சனுக்குப் போகலாம். இந்த வேலைக்காக அவருக்கு நாரி சக்தி விருது கிடைத்தது. லேயிலிருந்து மேற்கே சுமார் 65 கிலோமீட்டர், லேயைவிட உயரமும் குறைவு. எனவே இரண்டாம் மூன்றாம் நாள் பயணத்துக்கு, லேயைவிட மிக உயரமான கர்துங் லா கணவாயைவிட இந்தப் பக்கமே உடம்புக்கு நல்லது.

தண்ணீர்

பனி உருகி வரும் ஓடை என்பதால் சுத்தம் என்று நினைத்து அப்படியே குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே மாடு மேய்கிறது, கீழே விடுதிகளின் கழிவுக் குழியும் ஆழ்துளைக் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குளிர்ந்த நீரில் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியின் முட்டை போன்ற கூடு வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அறிகுறி தெரிய ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், அதற்குள் ஊர் திரும்பியிருப்பீர்கள். அழுகிய முட்டை நாற்றத்தோடு ஏப்பம், எண்ணெய் மிதக்கும் மலம், வயிற்று உப்புசம் என்று போனால், மலையிலிருந்து வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வாயுத் தொல்லை என்று மாத்திரை வாங்கி வருவீர்கள்.

88 டிகிரியில் கொதித்தால் கிருமி சாகுமா என்று கேட்பார்கள். சாகும். 70 டிகிரியைத் தாண்டினாலே பெரும்பாலானவை ஒரு நிமிடத்துக்குள் அழிந்துவிடும். 2,000 மீட்டருக்கு மேல் தளதளவென்று கொதித்த பிறகு 3 நிமிடம் விடுங்கள், போதும். விடுதியில் இரவு ஒரு பிளாஸ்க் கொதிநீர் வாங்கிவைத்தால் மறுநாளுக்கு ஆகும். நகரில் காய்ச்சிய அல்லது வடிகட்டிய நீர் நிரப்பித் தரும் கடைகள் உண்டு. பாட்டில் குப்பையை மலையில் விட்டுவர வேண்டியதில்லை. குளோரின் மாத்திரை போட்டால் குளிர்ந்த நீரில் அரை மணி போதாது, ஒரு மணி நேரம் வையுங்கள். நுண்குழாய் வடிகட்டி வைத்திருப்பவர்கள் இரவில் அதைத் தூங்கும் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே தங்கிய நீர் உறைந்தால் குழாயில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். மறுநாளும் தண்ணீர் வழக்கம்போல வரும், ஆனால் வடிகட்டாமல் வரும்.

ஒரு நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் போதும். நிறையத் தண்ணீர் குடித்தால் உயர நோய் (உயரத்தில் ஆக்சிஜன் போதாமல் வரும் தலைவலி, குமட்டல், வாந்தி) வராது என்பது தவறான நம்பிக்கை. ஆறேழு லிட்டர் குடித்து இரத்தத்தில் சோடியம் இறங்கினால் அதுவே தலைவலியும் குமட்டலும் கொடுக்கும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் சரியாகக் குடிக்கிறீர்கள்.

மற்ற பானங்கள்

குர்குர் சா என்ற வெண்ணெய்த் தேநீர் உப்புக் கரிக்கும். ஒரு கோப்பை நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் ஊற்றித் தந்தால் ஒரு மடக்கு குடித்ததுமே மறுபடி நிரப்புவார்கள், அதுதான் மரியாதை. போதும் என்றால் நிறைந்த கோப்பையைத் தொடாமல் வையுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தினமும் இரண்டு வேளை காபி குடிக்கிறவர்கள் லேயில் அதை நிறுத்தக் கூடாது. நிறுத்திய மறுநாள் வரும் தலைவலிக்கும் உயர நோயின் தலைவலிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பில்டர் காபிப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு பாக்கெட் காபித்தூளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உயர நோய்க்கு முன்கூட்டியே அசிட்டசோலமைடு சாப்பிடுகிறவர்களுக்கு சோடாவும் கோலாவும் சப்பென்று, விநோதமான ருசியோடு இருக்கும். பானம் கெட்டுப்போகவில்லை, அது மருந்தின் வேலை.

மது முதல் 48 மணி நேரம் கட்டாயம் வேண்டாம். தூக்கத்தில் மூச்சை மந்தமாக்கும், ஏற்கெனவே குறைந்த ஆக்சிஜன் இன்னும் குறையும். காலையில் வரும் தலைவலி போதை தெளிந்ததா, மூளை வீங்குகிறதா என்று யாருக்கும் தெரியாது. பார்லியில் செய்யும் சாங் மென்மையானது என்று ஊற்றுவார்கள். அதில் கூடுதலாக ஒரு சிக்கல்: புளித்த தானியத்தின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றித்தான் பல வீடுகளில் வடிப்பார்கள். அதற்குப் பதில் சீபக்தார்ன் என்ற பழத்தின் சாறு கேளுங்கள், மூடி முத்திரையோடு விற்கிறது. புளிப்பாக, நாக்கு மரத்த நேரத்தில் நன்றாக இறங்கும்.

பஜார் நடைபாதையில் பெண்கள் விற்கும் பாதாமியைக் காய்ச்சி ஆறிய நீரில் கழுவித் தின்னலாம். உலர்ந்ததென்றால் ஒரு வேளைக்கு ஐந்தாறு. மிஞ்சினால் வயிறு இளகும். கொட்டைக்குள் உள்ள பருப்பு இனித்தால் தின்னலாம். கசந்தால் துப்பிவிடுங்கள், அது வயிற்றுக்குள் சயனைடாக மாறும்.

வாந்தி வந்தால்

சாப்பாட்டைப் பற்றிய பதிவில் இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் மூன்று நாளில் வாந்தி வந்தால் நேற்றுச் சாப்பிட்டது சரியில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். உயர நோய் வயிற்றுப்போக்கு தராது. பேதியும் காய்ச்சலும் வயிற்று முறுக்கும் சேர்ந்திருந்தால் உணவு காரணமாக இருக்கலாம். பேதி இல்லாமல் தலைவலியோடு வாந்தி என்றால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை உயரம்தான் காரணம். உணவு நச்சு என்று படுத்தே இருந்துவிட்டு, திட்டப்படி மறுநாள் 5,300 மீட்டரைத் தாண்டிய கர்துங் லாவுக்கு வண்டி ஏறுவதுதான் பெரிய ஆபத்து.

பேதி மட்டும் என்றால் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதிய அளவு காய்ச்சிய நீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போனதும் ஒரு டம்ளர். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாடு இறங்காத நாளில் அளவை எப்படிக் குறைப்பது என்று கிளம்பும் முன்பே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். குளிரில் குளுக்கோமீட்டரும் தவறாகக் காட்டும். சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகு சோதியுங்கள்.

தலைவலி பாராசிட்டமாலுக்கு அடங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை என்றால் நோயுற்றவரைக் குதிகாலும் விரல்நுனியும் தொடும்படி ஒரே கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அறையில் கஞ்சி வைத்துக் காத்திருக்காமல் லேயில் உள்ள சோனம் நோர்பூ நினைவு மருத்துவமனைக்கு அப்போதே அழைத்துப் போங்கள், நள்ளிரவானாலும்.