ஆகப் பழைய துண்டில்தான் நேற்றைய பேக்கப்பும் நிற்கிறது

திருகோணமலை உவர்மலையில் ஒரு கணக்காய்வு அலுவலகம். போன மாரியில் ஒரு பின்னேரம் அங்கிருந்து கோல் வந்தது. “அண்ணை, பேக்கப் சேர்வர் நிரம்பிட்டுது. பழைய பேக்கப் அவ்வளவத்தையும் அழிச்சும் ஒரு ஜிபி கூட இறங்கேல்ல. அதான் உள்ளுக்குப் போய், திகதிப்படி அடுக்கி, ஆகப் பழசுகளை அழிச்சிட்டன்.”

எந்த ஃபோல்டர் என்று கேட்டேன். “சங்க்ஸ் எண்டு கிடந்தது.” சங்க்ஸ் என்றால் துண்டுகள்.

அது புரொக்ஸ்மொக்ஸ் பேக்கப் சேர்வர் என்ற மென்பொருள். இரவுக்கு இரவு முழு டிஸ்க்கையும் பிரதி எடுப்பதுபோல் தெரியும். உள்ளே நடப்பது வேறு. விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளாக ஓடும் கணினி) டிஸ்க்கை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்தில் இருந்து எஸ்எச்ஏ-256 என்ற கைரேகை போட்டு, ஏற்கெனவே இருக்கும் துண்டைத் திரும்ப எழுதாமல் விடும். முதல் நாள் எழுதிய விண்டோஸ் துண்டு ஒன்றுதான். நேற்றிரவு பேக்கப்பும் அதைத்தான் காட்டிக்கொண்டு நிற்கும். திகதியில் ஆகப் பழசு என்று தம்பி அழித்தது அத்திவாரக் கல்லை.

அப்போ முதலில் அழித்தபோது இடம் ஏன் வரவில்லை? பழைய பேக்கப்பை அழித்தால் போவது, எந்தெந்தத் துண்டு அதற்குரியது என்ற அட்டவணை மட்டும். ஒருவருக்கும் தேவைப்படாத துண்டுகளைத் தேடி எடுப்பது கார்பேஜ் கலெக்சன் என்ற தனி வேலை. அதுவும் வழமையான அமைப்பில், கடைசியாகத் தொட்டு 24 மணித்தியாலமும் 5 நிமிடமும் தாண்டாத துண்டில் கைவைக்காது. ஒரு ஃபைலைக் கடைசியாகத் தொட்ட நேரத்தை டிஸ்க் வழமையாக 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும், அதனால்தான் அந்தப் பொறுமை. அந்த அலுவலகத்தில் இந்த வேலைக்கு நேரமே போட்டிருக்கவில்லை. தினமும் ஓட விட்டு, 80 வீதத்தில் எச்சரிக்கை வரச் செய்திருந்தால் எனக்குக் கோல் வந்திராது.

துண்டுகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் வெரிஃபை ஓட்டினோம். வரிசையாகச் சிவப்பு. நல்ல காலம், மெஷின்கள் உயிரோடு இருந்தன. புதிதாக பேக்கப் எடுக்க, காணாமல் போன துண்டுகளில் இன்றைக்கும் டிஸ்க்கில் இருப்பவை திரும்ப எழுதப்பட்டன. இடையில் மாறிப்போன பழைய கணக்குகள் வரவில்லை.

“ரெய்டு இருக்குத்தானே அண்ணை?” பல டிஸ்க்கில் சேர்த்து எழுதும் ரெய்டு, டிஸ்க் பழுதுக்கு. நீங்கள் அழித்தால் அதுவும் விசுவாசமாக எல்லா டிஸ்க்கிலும் அழிக்கும்.

இன்னொன்றும் அங்கே கண்டேன். டேட்டாபேஸ் டம்ப்பை (முழுப் பிரதியை) இரவில் ஜிசிப் பண்ணிச் சுருக்கி, பேக்கப் ஆகும் மெஷினின் டிஸ்க்கிலேயே போட்டிருந்தார்கள். சுருக்கிய ஃபைலில் ஒரு வரி மாறினாலும் அதற்குப் பிறகு வருவதெல்லாம் வேறாகிவிடும். பொருந்தும் துண்டே கிடைக்காது. டிஸ்க் நிரம்பியதில் பெரிய பங்கு அதற்குத்தான். சுருக்காமல் விடச் சொன்னேன், பேக்கப் எடுக்கும்போதே துண்டுகள் சுருக்கப்படும்.

இரண்டாவது பிரதி இப்போது கந்தளாய்க் கிளைக்கு சிங்க் ஆகிறது. 2004 டிசம்பர் 26 ஐப் பார்த்த ஊரில், கடலில் இருந்து தள்ளி ஒன்று வைக்க ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வேலையில் ‘ரிமூவ் வானிஷ்ட்’ பெட்டியில் மட்டும் சரி போடவில்லை. இங்கே அழிந்தது அங்கேயும் அழியக்கூடாது. கந்தளாய் சேர்வரின் பாஸ்வேர்டைத் தம்பிக்குக் கொடுக்கவும் இல்லை. அவரே வேண்டாம் என்றுவிட்டார்.