ஆசிரியர் குரலில் யாருடைய அவசரம்?

ஆசிரியர்களின் வகுப்புகளைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பதும், அப்புறம் அவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் என் வேலை. கவனிக்கும்போது நான் குறித்துக்கொள்வது பெரும்பாலும் அவர்கள் பேசும் வாக்கியங்களைத்தான். "எழுதிக்கோ", "அடுத்த பக்கம்", "இது பரீட்சைக்குக் கட்டாயம் வரும்" என்று வகுப்பு முழுக்க ஏவலாகவே ஓடினால், அந்த ஆசிரியருக்கு அன்பாகப் பேசத் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே ஆசிரியர் ஸ்டாஃப் ரூமில் தன் பாடத்தைப் பற்றி அத்தனை ரசித்துப் பேசுவார். வகுப்புக்குள் நுழைந்ததும் போர்ஷனும் ரிசல்ட்டும் அவர் வாயில் ஏறிக்கொள்கின்றன.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் உள்ளிட்ட உளவியலாளர்கள் 1982-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புதிர்களை விடுவிக்கச் சொல்லிக்கொடுக்க வந்தவர்களில் ஒரு பிரிவினரிடம் மட்டும், "மாணவரை நன்றாகச் செய்யவைப்பது உங்கள் பொறுப்பு" என்றார்கள். அவ்வளவுதான். அந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட அதிகம் பேசினார்கள், அதிகம் கட்டளையிட்டார்கள், குறையும் அதிகம் சொன்னார்கள். மாணவர் தானாகச் செய்து பார்க்க இடம் குறைந்துபோனது.

ஆசிரியர் எதற்காக வகுப்புக்கு வருகிறார் என்று மாணவர்கள் நினைப்பதும் பாடத்தைப் பாதிக்கிறது. 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே மாதிரியான பியானோ பாடத்தை இரு பிரிவினருக்கு நடத்தினார்கள். ஆசிரியர் பணத்துக்காக வந்தவர் என்று நம்பியவர்களைவிட, விரும்பி வந்தவர் என்று நம்பியவர்கள் பாடத்தை அதிகம் ரசித்தார்கள். மேலும் கற்கும் ஆர்வமும் அவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. (சம்பளத்தைக் குறைத்தால் ஆர்வம் பொங்கும் என்று எந்த நிர்வாகமும் இதைப் படித்துவிட வேண்டாம்.)

அழுத்தம் முதலில் தின்பது மௌனத்தை. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள் என்று 1970-களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கும். செய்து பார்த்தால் அந்த மூன்று நொடி கடக்கவே கடக்காது. நானாக இருந்தால் ஒரு பாடவேளையில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் இப்படிக் காத்திருந்து தொடங்கச் சொல்வேன். "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதற்கு வகுப்பே "புரிஞ்சுது" என்றுதான் கோரஸ் பாடும்.

மாணவர்களின் அசட்டையும் ஆசிரியரைச் சோர்வாக்கும் என்பது உண்மைதான். கீழ்ப்படியாத வகுப்பில் கட்டளை கூடும், கட்டளை கூடக் கூட அசட்டையும் கூடும். இந்தச் சுற்றை மாணவர்கள் உடைப்பார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. அதேபோல், ஆசிரியர்களுக்குக் கனிவாகப் பேசப் பயிற்சி வேண்டும் என்று என்னை அழைக்கும் நிர்வாகங்களிடம் முதலில் அவர்களுடைய வாராந்திரக் கூட்டத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறேன். அங்கே ஆசிரியர்களிடம் கேட்கப்படுவது "எத்தனை பாடம் முடிச்சீங்க?" மட்டும்தானா? அப்படியென்றால் என் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் கூட்டத்தை மாற்றச் சொல்கிறேன்.