ஒரே நாளில் வீடு திரும்பும் அறுவை சிகிச்சை: முதலமைச்சர் காப்பீட்டில் வடசென்னைக் குடும்பங்களின் உரிமை

காலையில் மருத்துவமனையில் சேர்ந்து, அறுவை சிகிச்சை முடிந்து, மாலையே வீடு திரும்பிவிட்டால் காப்பீடு கிடைக்காது என்ற எண்ணம் ராயபுரம் முதல் எண்ணூர் வரை இன்னும் இருக்கிறது. குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் தங்கியிருக்க வேண்டும் என்று தனியார் பாலிசிகளில் உள்ள நிபந்தனையிலிருந்து பிறந்த எண்ணம் இது. அந்தப் பாலிசிகளிலும், மருத்துவத் தொழில்நுட்பம் வளர்ந்ததால் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சிகிச்சைகள் 'டே கேர்' என்று தனியாக வரையறுக்கப்பட்டுள்ளன. புறநோயாளியாகப் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை அந்த வரையறைக்குள் வராது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தொகை சிகிச்சைக்கே நிர்ணயிக்கப்படுகிறது, தங்கிய இரவுகளுக்கு அல்ல. சில மணி நேரத்தில் முடியும் டயாலிசிஸ் இத்திட்டத்தில் அடங்கியிருப்பதே இதற்குச் சான்று.

2012 ஜனவரியில் தொடங்கி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்ட இத்திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்ப அட்டை, ஆதார், வருவாய்த் துறையின் வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தை அணுக வேண்டும். சென்னைக்கு அது ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது.

விதி அனுமதித்தாலும் நடைமுறை இடத்துக்கு இடம் மாறலாம். இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பான தேசிய சுகாதார சேவையில் நாடு முழுவதற்கும் ஒரே விதிதான். ஆயினும், ஒரே நாளில் முடிக்கத்தக்க 20 சிகிச்சைகளை அந்நாட்டுத் தணிக்கை ஆணையம் 1990இல் பட்டியலிட்டுப் பார்த்தபோது, ஒரு மாவட்டத்தில் வழக்கமாகவே அன்றே வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளி வேறொரு மாவட்டத்தில் படுக்கையில் தங்கவைக்கப்படுவது தெரியவந்தது. முன்கூட்டித் திட்டமிடும் அறுவை சிகிச்சைகளில் 75 விழுக்காடு ஒரே நாளில் முடிய வேண்டும் என்ற இலக்கு 2000இல் வகுக்கப்பட்டது. இத்தகைய வேறுபாட்டுக்கு நோயின் தன்மையைவிட, மருத்துவர்களின் பழக்கமும், இதற்கென்று தனி அரங்கும் காலை நேர ஒதுக்கீடும் இருக்கின்றனவா என்பதும்தான் பெரிய காரணங்கள். ஆகவே குடலிறக்கம், மூலம், கண்புரை போன்றவற்றுக்கு நாள் குறிக்கும்போதே, "இதை ஒரே நாளில் செய்ய முடியுமா, முடியாதென்றால் ஏன்?" என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. தயங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரே நாளில் அனுப்புவதை மருத்துவமனையின் வசதிக்கான முடிவாக ஆக்கிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மயக்க மருந்து பெற்றவருடன் முதல் 24 மணி நேரம் பொறுப்பான, வயது வந்த ஒருவர் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் நோயாளி வண்டி ஓட்டக் கூடாது. காசிமேட்டில் மீன் கூடை தூக்குபவருக்கும், வியாசர்பாடியில் தெருக்குழாயிலிருந்து மூன்றாவது மாடிக்குக் குடம் சுமக்கும் பெண்ணுக்கும் குடலிறக்க அறுவைக்குப் பின் சில வாரங்கள் பாரம் தூக்கத் தடை இருக்கும் என்பதால், வீட்டில் அந்த வேலையை யார் ஏற்பார்கள் என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும். எண்ணூரிலோ மணலியிலோ இருப்பவர்கள், இரவில் இரத்தக்கசிவு ஏற்பட்டால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையைக் கடந்துதான் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கும். மாடிப்படி, துணைக்கு ஆள், வீட்டின் தொலைவு ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இவற்றைக் கேட்டபின் அவர் ஓர் இரவு தங்கச் சொன்னால், அது தேவையான தங்கல்தான்.

சிகிச்சைக்கு முன், திட்டத்தில் பதிவுபெற்ற மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு இணையவழியில் முன் அனுமதி பெற வேண்டும். அனுமதி வந்துவிட்டதா என்பதை, வெறும் வயிற்றுடன் அறுவைக்கு வரும் நாளுக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது வலி அடங்கியிருக்கிறதா, வாந்தி நின்றுவிட்டதா என்று பார்ப்பதோடு, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணையும் மறுபரிசோதனைத் தேதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால், 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம்.