ஒன்றரை டன் ஏசிக்குள் எவ்வளவு ஐஸ்?

போன வாரம் எங்கள் மாடிக்கு ஏசி பொருத்த இரண்டு பேர் வந்தார்கள். வெளியே மாட்டும் பெட்டியை ஒருவர் மேலிருந்து இழுக்க, ஒருவர் கீழிருந்து தாங்க, படிக்கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அட்டையில் '1.5 டன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, ஒன்றரை டன்னுன்னா 1,500 கிலோ ஆச்சே, ரெண்டே பேர் எப்படித் தூக்கறாங்க?" என்று கேட்டாள். ஏசி வாங்கப் போகும் பலருக்கும் மனத்தில் வந்து, கடைக்காரரிடம் கேட்கத் தயங்கும் கேள்வி இது.

டன் என்ற சொல் பிறக்கும்போது எடையைக் குறிக்கவே இல்லை. இங்கிலாந்தில் அது திராட்சை மது அடைக்கும் பெரிய பீப்பாயின் பெயர். 252 காலன், அதாவது ஏறக்குறைய 950 லிட்டர் பிடிக்கும். ஒரு கப்பலில் எத்தனை பீப்பாய் ஏற்றலாம் என்று கணக்குப் பார்த்துப் பார்த்து, நிறைந்த பீப்பாயின் கனமே ஒரு அளவாகிவிட்டது. பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, சுமார் 1,016 கிலோ. அமெரிக்க டன் 2,000 பவுண்டு, 907 கிலோ. நாம் நெல்லுக்கும் இரும்புக்கும் சொல்வது 1,000 கிலோ கொண்ட மெட்ரிக் டன். அணுகுண்டைப் பற்றிச் சொல்லும் கிலோடன் ஆற்றலின் அளவு. சரி, ஏசியின் டன் இதில் எந்த வகை?

அது ஐஸின் டன். குளிர்சாதன இயந்திரம் வருவதற்கு முன்பு குளிர்ச்சியைக் கப்பலில் ஏற்றித்தான் விற்றார்கள். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி, மாசசூசெட்ஸில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களை அறுத்துக் கட்டிகளாக்கி, மரத்தூள் வைத்துப் பொதிந்து, 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏற்றியது சுமார் 180 டன். நான்கு மாதப் பயணத்தில், பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்தும், சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னைக்கு வந்த ஐஸைச் சேமிக்க அவர் 1842-இல் கட்டியதுதான் மெரினாவுக்கு எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். பின்னால் இயந்திரங்கள் வந்தபோது, இது ஒரு நாளைக்கு எத்தனை டன் ஐஸின் வேலையைச் செய்யும் என்றுதான் அவற்றின் திறனைச் சொன்னார்கள். அந்த வழக்கம் நிலைத்துவிட்டது.

மரத்தூள் மட்டும் அந்த ஐஸைக் காப்பாற்றவில்லை. உருகுவதற்கே ஐஸுக்கு ஏராளமான வெப்பம் வேண்டும். எனக்கு இயற்பியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு பாத்திரத்தில் ஐஸைப் போட்டு வெப்பமானியைச் செருகி, மெல்லக் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். அடியில் தீ எரிந்துகொண்டே இருக்கும், வெப்பமானியோ 0 டிகிரியை விட்டு நகராது. கடைசித் துண்டு கரைந்த பிறகுதான் ஏறத் தொடங்கும். அதுவரை கொடுத்த சூடெல்லாம் எங்கே போனது?

ஐஸுக்குள் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகளைக் கை கோத்துப் பிடித்திருக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் துடிப்பு. உருகும்போது உள்ளே வரும் வெப்பம் அந்தத் துடிப்பைக் கூட்டுவதில்லை, கோத்த கைகளில் ஒரு பகுதியைப் பிரித்துவிடுவதிலேயே செலவாகிறது. பிரிந்தவை நழுவி ஓடத் தொடங்குகின்றன, ஆனால் சூடாகவில்லை. இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஒரு கிலோ ஐஸுக்கு 334 கிலோஜூல். அதே வெப்பத்தைக் கொண்டு 0 டிகிரியில் உள்ள ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம்! வெப்பம் வெளியேறாத பிளாஸ்க்கில் 80 டிகிரி வெந்நீர் ஒரு கிலோவும் ஐஸ் ஒரு கிலோவும் கலந்தால், கடைசியில் கிடைப்பது ஏறக்குறைய 0 டிகிரியில் இரண்டு கிலோ தண்ணீர்.

இனி கணக்கு சுலபம். ஓர் அமெரிக்க டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எந்த வேகத்தில் வெப்பத்தை விழுங்குமோ, அந்த வேகம்தான் ஒரு டன் ஏசி. கிலோவாட்டில் சொன்னால் 3.517. ஒன்றரை டன்னுக்கு 5.27 கிலோவாட். அதாவது அந்த ஏசி முழு வேகத்தில் எட்டு மணி நேரம் ஓடினால், 450 கிலோ ஐஸை அறைக்குள் உருக விட்டதற்குச் சமம். 50 கிலோ ஐஸ் பாராக எண்ணினால் ஒன்பது.

கடைக்காரர் சொல்லும் டன்னோடு நிறுத்திக்கொள்ளாமல், நட்சத்திர லேபிளில் குளிரூட்டும் திறன் என்று வாட் கணக்கில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். ஒன்றரை டன் என்று விற்கும் பலவற்றில் அது 5,270-க்குக் குறைவாகவே இருக்கும். வாங்குபவருக்கு அந்த எண்ணைத்தான் பெரிதாக அச்சிட்டுக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னொரு ஆசையும் உண்டு. பகலில் சூரிய மின்சாரத்தில் ஐஸை உறைய வைத்து, ராத்திரி அதை உருக்கி வீட்டைக் குளிரவைக்கும் முறை நம் ஊருக்கு எவ்வளவு பொருத்தம்! இதற்கு நம் கல்லூரி ஆய்வகங்களுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

கடலோர ஊர்களில் அந்த ஐஸ் முழுவதும் அறையைக் குளிரவைக்கப் போவதில்லை. காற்றிலுள்ள ஈரம் ஏசிக்குள் தண்ணீராக மாறும்போது லிட்டருக்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. அதையும் ஏசிதான் அள்ளி வெளியே தள்ள வேண்டும். ஒரு லிட்டர் சொட்டினால் ஏழு கிலோ ஐஸ் செலவு.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் லிட்டர் கோடு போட்ட வாளி ஒன்றைக் கொண்டுவந்து, எங்கள் ஏசி குழாய்க்குக் கீழே வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் பார்த்தோம், ஆறரை லிட்டர். செம்பருத்திச் செடிக்கு ஊற்றும்போது அவளே பெருக்கிச் சொன்னாள்: கிட்டத்தட்ட ஒரு ஐஸ் பார்.