எருவில் கைமாறும் எதிர்ப்புத்திறன்

கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத் தாங்கப் பழகிய பாக்டீரியா, எருவோடு வயலுக்கு வந்தாலும் வெயிலில் செத்துவிடும் அல்லவா, பிறகு ஏன் அஞ்ச வேண்டும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியின் முதல் பாதி பெரும்பாலும் சரி. விலங்கின் குடலில், கதகதப்பிலும் ஆக்சிஜன் இல்லாச் சூழலிலும் வாழப் பழகிய பாக்டீரியாக்களில் பல, மண்ணில் சில வாரங்களிலோ மாதங்களிலோ மடிந்துபோகின்றன. ஆனால் அவை சுமந்துவந்த, மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத்திறனும் கூடவே மடிந்துவிடும் என்று சொல்ல முடியாது.

மருந்து கொடுத்தால் தாங்க முடியாதவை சாகும், தாங்கக்கூடியவை பெருகும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளில் பெரும்பகுதி விலங்கின் உடலில் சிதையாமல் கழிவோடு வெளியேறுவதால், தாங்குபவை மட்டும் மிஞ்சும் இந்தத் தேர்வு குடலோடு நிற்காமல் எருக்குவியலிலும் தொடர்கிறது.

எதிர்ப்புத்திறனுக்கான மரபணுக்கள் பல, பாக்டீரியாவின் குரோமோசோமில் இல்லாமல், பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் இருக்கின்றன. எருவின் ஈரத்தில் இரண்டு பாக்டீரியாக்கள் அருகருகே இருப்பதாகக் கொள்வோம். பிளாஸ்மிட் வைத்திருக்கும் பாக்டீரியா, தன் மேற்பரப்பிலிருந்து புரதத்தாலான நுண்ணிய இழையொன்றை நீட்டுகிறது. அது மற்றொன்றைத் தொட்டதும் உள்ளே சுருங்க, இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. உடனே ஒரு நொதி, பிளாஸ்மிட்டின் ஈரிழைகளில் ஒன்றை மட்டும், அதற்கென்று குறிக்கப்பட்ட ஒரே இடத்தில் வெட்டி, வெட்டிய முனையைத் தானே பற்றிக்கொண்டு அடுத்த செல்லுக்குள் நுழைகிறது. அதன் பின்னால் நூற்கண்டிலிருந்து நூல் பிரிவதுபோல் முழு இழையும் உருண்டு பிரிந்து உள்ளே போகிறது. பிறகு இரு செல்களும் தத்தம் ஒற்றையிழைக்கு இணையிழையைக் கட்டிக்கொள்கின்றன. கல்வியைக் கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் என்பார்கள், பிளாஸ்மிட்டும் அப்படித்தான். கொடுத்த செல் எதையும் இழக்கவில்லை, பெற்ற செல் விரைவில் தானும் கொடுக்க வல்லதாகிவிடுகிறது. கைமாற்றம் சில நிமிட வேலைதான்.

இதில் நீண்டகாலம் எனக்குப் புரியாமல் இருந்த ஒரு முடிச்சு உண்டு. டெட்ராசைக்ளின், புரதம் தயாரிக்கும் ரைபோசோமை முடக்கும் மருந்து. அதை எதிர்க்கும் மரபணுக்களில் ஒன்று, மருந்தைச் செல்லிலிருந்து வெளியேற்றும் பம்பு ஒன்றைத் தயாரிக்கிறது. ஆனால் அந்தப் பம்பே ஒரு புரதம். மருந்து ஏற்கனவே செல்லுக்குள் இருக்கையில், ரைபோசோம் முடங்கிய நிலையில், புதிதாக வந்த மரபணுவிலிருந்து பம்பு எப்படி உருவாக முடியும்? 2019இல் பிரான்சு ஆய்வாளர்கள் இந்தக் கைமாற்றத்தை உயிருள்ள செல்களில் நுண்ணோக்கி வழியே நேராகப் பார்த்து விடை கண்டார்கள். பல நச்சுப்பொருள்களையும் வெளியேற்றும் பொதுவான பம்பு ஒன்று, குடலில் வாழும் இ. கோலை பாக்டீரியாவில் இயல்பாகவே இருக்கிறது. அதனால் மருந்தை முழுவதும் அகற்ற முடியாவிட்டாலும், சிறப்புப் பம்பு உருவாகும் அளவுக்கு ரைபோசோம் வேலை செய்ய அது அவகாசம் வாங்கித் தருகிறது. அந்தப் பொதுப்பம்பு இல்லாத செல்களுக்குப் பிளாஸ்மிட் கிடைத்தும் எதிர்ப்புத்திறன் வெளிப்படவில்லை.

சாகும் பாக்டீரியாவும் வெறுங்கையோடு போவதில்லை. செல் உடைந்து வெளிவரும் டி.என்.ஏ. களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டால் எளிதில் சிதைவதில்லை. அதை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களுக்கு உண்டு. இயற்கை உரம் என்பதாலேயே தீங்கு வராது என்ற நம்பிக்கையையும் கைவிட வேண்டும். மருந்தே கொடுக்கப்படாத மாடுகளின் சாணத்தை இட்டபோதும், மண்ணில் முன்பே இருந்த எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியாக்கள் பெருகியதை 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

நெதர்லாந்தில் 1940 முதல் 2008 வரை சேகரித்துப் பாதுகாக்கப்பட்ட மண் மாதிரிகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, எதிர்ப்பு மரபணுக்கள் காலப்போக்கில் கூடிவந்தது தெரிந்தது. டெட்ராசைக்ளினுக்கு எதிரான மரபணுக்களில் சில, 1970களில் இருந்ததைப் போல 15 மடங்குக்கும் மேல் பெருகியிருந்தன. 1940இல் அந்த மண்ணை எடுத்து வைத்தபோது, மரபணு என்பது டி.என்.ஏ.தான் என்பதே நிறுவப்பட்டிருக்கவில்லை. உடனடிப் பலன் எதையும் காட்ட முடியாத இத்தகைய சேமிப்புப் பணிகளுக்கும் நிதி தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போன காலத்து மண்ணை எவ்வளவு பணம் கொடுத்தாலும் இன்று வாங்க முடியாது.

எருவை முறையாக மக்கவைப்பது பெரிதும் உதவும். குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகிப் பல நாட்கள் அப்படியே இருந்தால், குடல் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். ஓரங்கள் குளிர்ந்தே கிடக்கும் என்பதால், வெளிப்புறம் உள்ளே போகும்படி பலமுறை கிளற வேண்டும். அப்போதும் எதிர்ப்பு மரபணுக்கள் முற்றிலும் ஒழிவதில்லை. ஆகவே தீவனத்தொட்டியிலேயே மருந்தைக் குறைப்பதுதான் வேரைப் பிடிக்கும் வழி. வேறு மருந்துகள் கைவிட்டபின் மனிதர்களுக்குக் கொடுக்கப்படும் கோலிஸ்டினை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 மரபணு, பிளாஸ்மிட்டில் ஏறிப் பரவுவதை 2015இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2017இல் அந்நாடு விலங்குகளின் எடை கூட்டுவதற்காகக் கோலிஸ்டினைத் தீவனத்தில் கலப்பதை நிறுத்தியது. அதன்பின் கோலிஸ்டினை எதிர்க்கும் இ. கோலை அங்கே பன்றிகளில் மட்டுமல்லாமல் மனிதர்களிலும் குறைந்தது.