பாப்கார்ன்: சோளப்பொரியா, மக்காச்சோளப் பொரியா?

'பாப்' வெடிக்கும் ஓசையைக் குறிக்கும் ஒலிக்குறிப்பு. 'கார்ன்' பழைய ஆங்கிலத்தில் எந்தத் தானியத்துக்கும் பொதுப்பெயர். அமெரிக்காவில் குடியேறியவர்கள் மக்காச்சோளத்தை 'இந்தியன் கார்ன்' என்றார்கள், பிறகு வெறும் 'கார்ன்' என்றே சுருக்கிக்கொண்டார்கள். 'பாப்கார்ன்' 19ஆம் நூற்றாண்டில் அங்கே புழக்கத்துக்கு வந்த சொல்.

நம்மிடம் 'பொரி' எப்போதோ இருக்கிறது. வெண்மணலில் உதிர்ந்த புன்கம்பூவை, முருகனை வேண்டி ஆடும் வெறியாட்டுக் களத்தில் சிதறிய செந்நெல் பொரிக்கு ஒப்பிடுகிறது குறுந்தொகையின் 53ஆம் பாட்டு. முட்டையில் குஞ்சு பொரிப்பதும் இதே சொல்தான்: ஓடு உடைந்து உள்ளே இருப்பது வெளியே வருவது. பாப்கார்னில் நடப்பதை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

அகராதிகள் தரும் 'சோளப்பொரி'யில் ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் சோளம் என்றால் வேறு தானியம். அதையும் பொரிப்பார்கள், கார்த்திகை தீபத்துக்குக் கடைக்கு வரும். மணியும் சின்னது, பொரியும் சின்னது. ஆகவே பாப்கார்னுக்கு 'மக்காச்சோளப் பொரி' என்பதே துல்லியம். இலங்கையில் சோளம் என்றாலே மக்காச்சோளம் என்பதால் அங்கே 'சோளப்பொரி' போதும். பொரிக்காத மணியையும் ஆங்கிலம் 'பாப்கார்ன்' என்றே அழைக்கிறது. நாம் அதைப் 'பொரிசோளம்' என்று பிரித்துச் சொல்லிவிடலாம். கடையில் கேட்க வேண்டியதும் அந்த ரகத்தைத்தான். வேகவைத்துத் தின்னும் கதிரைக் காயவைத்தால் பொரியாது.

பொரிசோளத்தின் தோல் கெட்டியானது, நீராவியை விடாது. மணிக்குள் 13-14 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். சுமார் 180 டிகிரி செல்சியஸில் உள்ளழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் நான்கு மடங்காகித் தோல் கிழிகிறது. கூழான மாவுச்சத்து நுரைத்து, அப்படியே உறைகிறது. அடியில் நிறைய மணி பொரியாமல் தங்கினால் பெரும்பாலும் ஈரம் வற்றிய பழைய சரக்கு. மூன்று கப் மணிக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, பாட்டிலில் மூடி, அவ்வப்போது குலுக்கி, மூன்று நாள் வைத்தால் தேறும்.

வீட்டில் செய்ய 50 கிராம் மணி, ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெய், அடிகனமான பாத்திரம். மிதமான தீயில் எண்ணெயோடு மூன்று மணியை மட்டும் போடுங்கள். அவை வெடித்ததும் மீதியை ஒரே அடுக்காகப் பரப்பி, மூடியைச் சற்றே திறந்தாற்போல் வையுங்கள். முழுக்க மூடினால் ஆவி உள்ளேயே தங்கி, பொரி ரப்பர் மாதிரி இழுபடும். குக்கரில் செய்தால் மூடியைப் பூட்டவே கூடாது. இரண்டு வெடிப்புக்கு நடுவே இரண்டு நொடி இடைவெளி விழுந்ததும் இறக்கிவிடுங்கள், காத்திருந்தால் கருகும்.

'ஃப்ளேவர்' என்பதற்குச் 'சுவையூட்டல்' போதும். மஞ்சள்தூள் மட்டும் எண்ணெயிலேயே போகலாம். மிளகாய்த்தூள் அங்கே போனால் கமறும். வெண்ணெயில் தண்ணீர் உண்டு, பொரி நமத்துவிடும். அதனால் உருக்கிய நெய் ஒரு தேக்கரண்டி, பொரி சூடாக இருக்கும்போதே. அதன்மேல் கறிவேப்பிலைப் பொடி அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் கால், உப்பு கால். கல்லுப்பானால் மிக்ஸியில் மாவாக அரைத்துப் போடுங்கள், பரல் பரலாக இருந்தால் ஒட்டாமல் அடியில் போய்ச் சேரும்.